கணவன் பெயரில் மூச்சு வாங்கிய எமிலியா

உங்கள் வீட்டில் எத்தனை பேருக்கு இதயம் இருக்கிறது? அவசரப்பட்டுத் தலைகளை எண்ணிச் சொல்லாதீர்கள். யாருடைய நெஞ்சைப் பற்றி வீட்டில் பேச்சு நடக்கிறது, யாருக்காக உப்பைக் குறைக்கிறார்கள், யார் கண்ணயர்ந்தால் தொலைக்காட்சியின் சத்தம் குறைகிறது என்று யோசித்துவிட்டுச் சொல்லுங்கள். டென்மார்க்கின் சில்க்போர்க் நகரில், மின்தூக்கி இல்லாத ஒரு செங்கல் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் குடியிருக்கும் அந்தோனிமுத்துவின் வீட்டில் ஐந்து வருடங்களாக ஒருவருக்குத்தான் இதயம் இருந்தது. அது அந்தோனிமுத்துவுக்கு. அவருடைய மனைவி எமிலியாவுக்குக் கையும் காலும் முதுகும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு குரலும் இருந்தது.

எமிலியாவுக்கு அறுபத்திரண்டு வயது. மன்னாரில் பிறந்தவர். கலியாணம் முடித்து டென்மார்க்குக்கு வந்த புதிதில் கோழி இறைச்சித் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றார். பிறகு படித்துச் சான்றிதழ் எடுத்து ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராகச் சேர்ந்தார். அங்கே தொண்ணூறு வயது டேனிஷ்காரர்களோடு தினமும் சண்டையும் சமாதானமுமாகக் கதைத்துக் கதைத்து அவருடைய டேனிஷ் நன்றாக வளர்ந்தது. அந்தோனிமுத்து, கத்தினாலும் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காத மேசை கதிரை செய்யும் ஒரு தளபாடத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். டேனிஷ் பேசுவதைவிட விளங்கிக்கொள்வது அவருக்கு நன்றாக வரும். ஆனால் அதை வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். விளங்கியது என்று தெரிந்தால் வேலை வரும்.

அவர்களுடைய ஒரே மகள் அஜந்தினி ஓர்ஹூஸில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் இருக்கிறாள். தாய் தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்லுவாள். கோபம் வந்தால் மட்டும் தமிழுக்கு வருவாள்.

எமிலியாவுக்கென்று உலகத்தில் சொந்தமாக இருந்த ஒரே சொத்து, மாதம் ஒருமுறை நடக்கும் தமிழ்த் திருப்பலியின் பாடகர் குழுவில் அவர் முதற்குரல் என்பதுதான். உயிர்ப்புத் திருநாளுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, அவர்கள் பாடும் பாட்டில் ஒரு நீண்ட வரி வரும். நடுவில் மூச்செடுக்க இடமே இல்லாத வரி. அதை ஒரே மூச்சில் பாடி முடிப்பவர் சுற்றுவட்டாரத்தில் எமிலியா ஒருவர்தான். அந்த வரி வரும்போது பக்கத்து நகரமான விபோர்க்கிலிருந்து வந்தவர்கள்கூட பிள்ளைகளின் வாயைப் பொத்துவார்கள். எமிலியாவை யாரும் வீட்டில் பாராட்டியது கிடையாது. வேலையில் பாராட்டினால் கூடவே இன்னொரு வேலையும் வரும். ஆகவே வருடத்தில் அந்த ஒரு வரிக்காக அவர் மிச்ச நாட்களைப் பொறுத்துக்கொண்டார் என்று சொன்னால் அது மிகையல்ல.

அந்தோனிமுத்துவுக்கு இதயம் வந்தது விபோர்க்கில், செல்வரட்ணத்தின் ஐம்பதாவது பிறந்தநாள் விழாவில். ஆட்டிறைச்சிக் கறியும் புட்டும் மூன்றாம் முறையாக வாங்கிச் சாப்பிட்டு, அதற்கு முன்பும் பின்பும் விஸ்கி குடித்து, வெக்கையான மண்டபத்தில் சட்டென்று எழுந்து நின்றவர் அப்படியே மேசைக்குக் கீழே போனார். அம்புலன்ஸ் வந்தது. மருத்துவமனையில் எல்லாம் பார்த்துவிட்டு, தண்ணீர் போதவில்லை, திடீரென்று எழுந்ததில் தலைச்சுற்று, இரத்த அழுத்தம் கொஞ்சம் கூட, தினமும் நடக்கவேண்டும் என்று சொல்லி அடுத்தநாள் அனுப்பிவிட்டார்கள். ‘நடக்கவேண்டும்’ என்ற பகுதி வீட்டுக்கு வரும் வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. அவர் வாசலுக்கு வந்துசேர்ந்தபோது இதய நோயாளியாக வந்துசேர்ந்தார்.

எங்கள் ஆட்கள் வருத்தம் பார்க்க, அதாவது நோயாளியைப் பார்க்க, வெறுங்கையோடு வருவதில்லை. ஓட்ஸ் பெட்டிகளும் திராட்சையும் நெஸ்டமோல்ட் சத்துமா டப்பாக்களும் வந்து குவிந்தன. அந்தோனிமுத்து சோபாவில் ஒரு கையை நெஞ்சில் வைத்தபடி வரவேற்றார். விழுந்த கதை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வளர்ந்து, கடைசியில் அவர் ஒரு கணம் மறு உலகத்தின் வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பியதில் போய் நின்றது. விஸ்கி மட்டும் கதையிலிருந்து கழன்றுவிட்டது.

அந்த நாளிலிருந்து அவர் பாரம் தூக்குவதில்லை. ஆகவே இருபது கிலோ அரிசி மூட்டையை எமிலியா தூக்கினார். சலவை இயந்திரங்கள் கட்டடத்தின் நிலவறையில் இருந்தன. துணிக்கூடையோடு எமிலியா இறங்கி ஏறினார். டென்மார்க்கில் கார் வைத்திருப்பவர்கள் குளிர் தொடங்கும்போது ஒரு தொகுதி டயரும் குளிர் முடிய இன்னொரு தொகுதி டயரும் மாற்றுவது வழக்கம். மாற்றிய டயர்களை நிலவறையில் அடுக்கவேண்டும். அவற்றையும் எமிலியா உருட்டினார். அவர் நாலாவது டயரை உருட்டிக்கொண்டு போகும்போது இதய நோயாளி மேல் மாடி ஜன்னலைத் திறந்து, நேராக உருட்டச் சொல்லி வழிநடத்துவார்.

இரண்டு வருடம் இப்படித் தூக்கியும் உருட்டியும் வந்தபோது எமிலியாவின் மூச்சு குறையத் தொடங்கியது. முதலில் படிக்கட்டின் திருப்பத்தில் நின்றார். பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றார். மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று இரண்டாவது தலையணை வைத்தார். பின்னேரங்களில் சப்பாத்து இறுகியது. அடுத்து வந்த உயிர்ப்புத் திருநாளில், அந்த நீண்ட வரியின் நடுவில், வாழ்க்கையில் முதல் தடவையாக மூச்செடுத்தார். இரண்டாம் குரல் பாடும் விக்ரோரியா அந்த இடைவெளியைத் தன் குரலால் நிரப்பிவிட்டார். உதவி செய்தார் என்று சிலர் சொன்னார்கள். காத்திருந்து பிடித்தார் என்று மற்றவர்கள் சொன்னார்கள். அடுத்த ஒத்திகையில் விக்ரோரியாவே வாய் திறந்தார்.

“எமிலியா அக்கா, குறை நினையாதேங்கோ. உங்களுக்கு வயசு போட்டுது. அடுத்த முறை அந்த வரியை நான் எடுக்கிறன்.”

எமிலியா பாட்டுப் புத்தகத்தை மூடிப் பையில் வைத்தார். வீட்டுக்குப் போய் வெங்காயம் உரித்தார். அன்றைக்குச் சமையலுக்கு வெங்காயம் தேவையாக இருக்கவில்லை.

சமூகம் சும்மா இருக்கவில்லை. ஒருவர் மிளகும் தேனும் என்றார். ஒருவர் வாய்வு என்று இஞ்சியும் உள்ளியும் அரைத்துக் குடிக்கச் சொன்னார். அது கண்ணூறு என்று கண்டுபிடித்த ஒருவர் செத்தல் மிளகாய் சுற்றி அடுப்பில் போட, கட்டடத்தின் புகை எச்சரிக்கை மணி அலறி, மூன்று மாடி டேனிஷ்காரர்களும் மழையில் வெளியே வந்து நின்றார்கள். ரொறன்ரோவிலிருந்து அந்தோனிமுத்துவின் தம்பி அல்பேட், இதயத்தை இருபது வயது குறைக்கும் ஒரு பச்சைத் தூள் பொட்டலத்தை அனுப்பினார். அது எமிலியாவுக்கு அல்ல, அண்ணனுக்கு.

எமிலியா மருத்துவரிடம் போகவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். அடிக்கடி போனார். கணவரோடு. அவருடைய அழுத்தம், அவருடைய இரத்தப் பரிசோதனை, அவருடைய மாத்திரை எல்லாவற்றையும் பேசி முடித்து எழும்பும்போது ஒருமுறை, கதவடியில் நின்று, தனக்கும் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது என்றார். குடும்ப மருத்துவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், இந்த வயதில் அது சாதாரணம் என்றார்.

இந்த ‘வயது’ என்ற சொல்லைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வயது என்பது இந்த வருடத்திலிருந்து பிறந்த வருடத்தைக் கழித்தால் வரும் எண். அது ஒரு நோயின் பெயர் அல்ல. விக்ரோரியா சொன்னதையே மருத்துவமும் சொல்லுமானால் ஏழு வருடம் படிப்பது எதற்கு? ஓர் ஆண் நெஞ்சில் கை வைத்தால் அம்புலன்ஸ் வருகிறது. ஒரு பெண் கை வைத்தால் களைப்பு, மாதவிடாய் நின்ற வயது, மனக்கவலை என்று மூன்று பட்டங்கள் வருகின்றன. செத்தல் மிளகாய் சுற்றுகிறவரை நான் சிரித்துவிட்டு விடுவேன். வெள்ளைக் கோட்டுக்குள் இருந்துகொண்டு அதே வேலையைச் செய்கிறவரை விட முடியாது.

வயதால் இதயத்துக்கு ஒன்றுமே ஆகாது என்று நான் சொல்லவில்லை. ஆகிறது, அதனால்தான் அதைப் பார்க்கவேண்டும் என்கிறேன். இதயத்தின் வேலையில் ஒரு பாதி அமுக்கித் தள்ளுவது. மறு பாதி தளர்ந்து விரிந்து இரத்தத்தை உள்ளே வாங்குவது. வருடங்கள் போகப்போக இரத்தக் குழாய்கள் விறைக்கின்றன, அழுத்தம் ஏறுகிறது. அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயச் சுவர் தடிக்கிறது. தசை இழைகளுக்கு நடுவே நார் படிகிறது. தேய்ந்த தசைக்குப் பதில் புதிது வளர்வது மிகவும் அரிது. இப்படி முதிர்ந்த இதயம் பெரும்பாலும் முதலில் இழப்பது தள்ளும் பலத்தை அல்ல, தளர்வதை. அது விரிய மறுக்கும்போது இரத்தம் நுரையீரல் பக்கம் தேங்குகிறது; மூச்சு முட்டுகிறது; கால் வீங்குகிறது. இந்த வகைக் கோளாறு பெண்களுக்குத்தான் அதிகம். எமிலியாவின் இதயத்துக்கு ஓய்வெடுக்கத் தெரியாமல் போய்விட்டது. அவருடைய வரலாற்றைப் பார்த்தால் அதில் அதிசயப்பட ஒன்றுமில்லை.

இனி அந்தோனிமுத்துவின் இதயப் பரிசோதனைகளுக்கு வருவோம். குடும்ப மருத்துவர் அவரை மருத்துவமனையின் இதயப் பிரிவுக்கு அனுப்பினார். மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்கு செய்ய முன்வந்தார்கள். அந்தோனிமுத்து மறுத்துவிட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழராக இருப்பார். தமிழராக இருந்தால் யாருக்காவது சொந்தமாக இருப்பார். தன்னுடைய இதயம் சனிக்கிழமைக்குள் வடக்கே ஓல்போர்க் வரைக்கும் போய்விடும் என்பது அவருடைய வாதம். மொழிபெயர்ப்பாளர்கள் வெளியே வாய் திறக்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது என்று மகள் சொல்லிப் பார்த்தாள். சட்டம் டேனிஷ்காரருக்கு என்றார் தகப்பன். ஆகவே எமிலியா மொழிபெயர்த்தார்.

மருத்துவர் கேட்பார். எமிலியா தமிழில் கேட்பார். அந்தோனிமுத்து ஒன்றும் சொல்லமாட்டார். உண்மையில் அவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. ஒன்றுமில்லை என்று சொன்னால் அதோடு விட்டுவிடுவார்களோ என்ற பயம் வேறு.

“நீ பாத்துச் சொல்லன் எமிலி. என்ரை வருத்தம் உனக்குத் தெரியாதே? ஒண்டுமில்லை எண்டு மட்டும் சொல்லிப்போடாதை. பேந்து கூப்பிடமாட்டினம்.”

எமிலியா என்ன செய்வார்? பதிலுக்காக மருத்துவர் பேனாவோடு காத்திருக்கிறார். எமிலியா பொய் சொல்கிறவர் அல்ல. அவர் நியாயமாக யோசித்தார். இவர் என்னைவிட ஆறு வயது மூத்தவர். எனக்கே படியில் மூச்சு வாங்குகிறதென்றால், இதய நோயாளியான இவருக்கு இன்னும் அதிகமாக வாங்கும். ஆம்பிளை, வெளியே சொல்ல வெட்கப்படுகிறார். இப்படி யோசித்து, தன் உடம்பில் தெரிந்ததை எல்லாம் எடுத்து, கணவர் பெயரில், சுத்தமான டேனிஷில் சொன்னார். படிக்கட்டுத் திருப்பம், இரண்டாவது தலையணை, பின்னேரம் இறுகும் சப்பாத்து. அந்தோனிமுத்து பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். தனக்கு இவ்வளவு வருத்தமா என்று அவருக்கே பெருமையாக இருந்திருக்கும்.

மருத்துவர்கள் திண்டாடிப்போனார்கள். காதால் கேட்டது ஒரு விறைத்த இதயத்தின் கதை. கண்ணால் பார்த்தது ஒரு காளை மாட்டின் இதயம். மின்பதிவு எடுத்தார்கள், நன்றாக இருந்தது. இரத்தத்தில் பார்த்தார்கள், நன்றாக இருந்தது. சைக்கிளில் ஏற்றி மிதிக்க விட்டார்கள். மிதித்துக்கொண்டே கோப்பி கிடைக்குமா என்று கேட்டார். சொல்கிற அறிகுறிகளுக்காகக் குடும்ப மருத்துவர் தண்ணீர் போகும் மாத்திரை கொடுத்துப் பார்த்தார். தேவையில்லாத உடம்புக்குள் போன அந்த மாத்திரை, மறையுரையின்போது அந்தோனிமுத்துவை மூன்று தடவை கோவில் வாசலில் இருந்த கழிப்பறைக்கு ஓடவைத்தது. சனம் இரக்கப்பட்டது. எமிலியாவின் கால் வழமைபோல வீங்கியது.

இரண்டு வருடம் இப்படியே போனது. விக்ரோரியா இரண்டு உயிர்ப்புத் திருநாள்களில் அந்த வரியைப் பாடினார். ஒரே மூச்சில்தான் பாடினார் என்பதை எமிலியாவே ஒப்புக்கொண்டார். அந்த இரண்டு தடவையும் கடைசி வரிசையில் நின்று வாயை மட்டும் அசைத்தார்.

போன இலையுதிர் காலத்தில் இதயப் பிரிவில் ஒரு புது மருத்துவர், கிர்ஸ்டன் என்ற பெண், கோப்பைப் படித்துவிட்டு, இப்படி ஒரு மனிதன் இருக்க முடியாது என்று அந்தோனிமுத்துவைத் திரும்பக் கூப்பிட்டார். அன்றைக்கு எமிலியாவின் கார் பழுது. அஜந்தினி லீவு எடுத்து வந்து தாய் தகப்பனைக் கூட்டிப் போனாள். பெற்றோரோடு இதயப் பிரிவின் அறைக்குள் அவள் போனது அதுதான் முதல் தடவை.

கிர்ஸ்டன் பொத்தாம்பொதுவாகக் கேட்கவில்லை. எந்தப் படி, என்ன செய்யும்போது, எவ்வளவு நேரம் என்று கேட்டார். எமிலியா வழமைபோலத் தொடங்கினார். நிலவறையிலிருந்து துணிக்கூடையோடு ஏறும்போது முதல் திருப்பத்தில் இவருக்கு நிற்கவேண்டி வருகிறது. அரிசி மூட்டையென்றால் வாசலிலேயே நிற்கவேண்டும். குளிர்கால டயர் உருட்டிய நாளில் இவருக்குக் கண் இருட்டியது.

அஜந்தினி கைத்தொலைபேசியிலிருந்து தலையைத் தூக்கினாள்.

எமிலியா கவனிக்கவில்லை. முதல் தடவையாக ஒரு மருத்துவர் அவசரப்படாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குச் சொல்லச் சொல்ல வந்தது. எல்லாவற்றையும்விடப் பாட்டுத்தான் கவலை என்றார். கோவிலில் ஒரு நீண்ட வரி இருக்கிறது, முன்பெல்லாம் இவர் அதை ஒரே மூச்சில் பாடுவார், இப்போது நடுவில் முறிகிறது, அதற்காக இவரைப் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள் என்று சொன்னார்.

கிர்ஸ்டன் அந்தோனிமுத்துவைப் பார்த்து, பாடுவீர்களா என்று அன்பாகக் கேட்டார். அஜந்தினி டேனிஷில் இடைமறித்து, என் தகப்பன் பிறந்ததிலிருந்து ஒரு பாட்டும் பாடியதில்லை என்றாள். அந்தோனிமுத்துவுக்கோ நிலவறை, துணிக்கூடை என்ற சொற்கள் அப்போதே விளங்கிவிட்டன. தன்மேல் சலவை வேலை விழுகிறதே என்ற பதற்றத்தில், வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு முழு டேனிஷ் வசனம் பேசினார். தான் நிலவறைக்குப் போவதே இல்லை என்றும், தான் இதய நோயாளி என்றும் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். இலக்கணம் சரியாகவே இருந்தது.

கிர்ஸ்டன் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு தன் உருளும் நாற்காலியை அந்தோனிமுத்துவுக்கு முன்னாலிருந்து நகர்த்தி எமிலியாவுக்கு முன்னால் கொண்டுவந்தார். அந்தப் படிக்கட்டில் ஏறுவது யார் என்று கேட்டார்.

எமிலியாவுக்கு மொழிபெயர்க்க யாருமில்லை. தமிழில்தான் பதில் வந்தது.

“நான்தான்.”

அஜந்தினி அதை டேனிஷில் சொன்னாள். சொல்லிவிட்டுத் தாயின் பக்கம் திரும்பினாள். தமிழுக்கு வந்துவிட்டாள் என்றால் நிலைமை உங்களுக்குத் தெரியும்.

“அம்மா, இவ்வளவு நாளும் உங்கடை வருத்தத்தையே அப்பான்ரை எண்டு சொன்னீங்கள்?”

“எனக்கெப்படித் தெரியும் பிள்ளை? அவருக்கும் அப்பிடித்தான் எண்டு நினைச்சன்.”

கிர்ஸ்டன் எமிலியாவின் கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். எடுத்த பின்பும் குழி அப்படியே இருந்தது. அழுத்தம் பார்த்தார், கருவி காட்டிய எண்ணைப் பார்த்துவிட்டு, இன்னொரு முறை பார்த்தார். இன்றைக்கு இங்கே பெயர் பதிந்திருப்பது உங்கள் கணவருக்கு, ஆகவே நான் எல்லாம் செய்ய முடியாது, ஆனால் இந்தக் கடிதத்தோடு இந்த வாரத்துக்குள் உங்கள் குடும்ப மருத்துவரிடம் போகவேண்டும் என்றார். அப்போது அந்தோனிமுத்து மனைவியின் முழங்கையைத் தொட்டார்.

“அப்ப என்ரை நெஞ்சுக்கு என்னவாம்? கேள்.”

உங்கள் நெஞ்சுக்கு ஒன்றுமில்லை, நடக்கவேண்டும் என்று பதில் வந்தது. அந்தோனிமுத்துவுக்கு அது பெரிய அவமானமாகப் போய்விட்டது. வேறு மருத்துவரின் கருத்தும் கேட்கவேண்டும் என்று காரில் சொல்லிக்கொண்டே வந்தார். அஜந்தினி ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள்.

குடும்ப மருத்துவர் இம்முறை கணினியிலிருந்து கண்ணை எடுத்தார். எடுக்கும்வரை அஜந்தினி மேசைக்கு முன்னால் நின்றாள். ஒலியலைப் படம் எடுத்தபோது விஷயம் வெளிச்சமானது. எமிலியாவின் இதயம் நன்றாகவே அமுக்குகிறது, தளரத்தான் மறுக்கிறது. அழுத்தத்தைக் குறைக்க மாத்திரை கொடுத்தார்கள். தேங்கிய நீரைப் போக்க, அந்தோனிமுத்து வீணாகக் குடித்துக் கோவில் வாசலுக்கு ஓடிய அதே மாத்திரை. நீரிழிவுக்கென்று வந்த ஒரு வகை மாத்திரையும் கொடுத்தார்கள். நீரிழிவு இல்லாதவர்களின் விறைத்த இதயத்துக்கும் அது உதவுகிறது என்று பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கருவாட்டுக்கும் ஊறுகாய்க்கும் தடை போட்டார்கள். நகராட்சியான கொம்யூன் நடத்தும் இதயப் பயிற்சி வகுப்பில் சேர்த்தார்கள்.

பயிற்சி என்றதும் எமிலியா சிரித்தார். நாள் முழுக்க ஓடுகிறவளுக்கு என்ன பயிற்சி என்று கேட்டார். பாரம் தூக்கி, குனிந்து, நின்று தேய்வது வேறு. மூச்சு ஏறும் அளவுக்கு முறையாக நடந்து, பிறகு ஓய்வெடுத்து, திரும்பவும் நடப்பது வேறு என்று அங்கிருந்த பெண் விளக்கினாள். உட்கார்ந்தே வாழ்ந்த நடுவயதுக்காரர்கள் இரண்டு வருடம் முறையாகப் பயிற்சி செய்தபோது விறைத்த இதயம் ஓரளவு இளகியது என்று ஆய்வுகள் சொல்கின்றன. பிந்தித் தொடங்கினால் அவ்வளவு இளகுவதில்லை. ஆனாலும் மூச்சும் நடையும் திருந்துகின்றன. முதிர்ந்து செயலிழந்த உயிரணுக்களை அகற்றி எலிகளின் இதயத்தைத் தேற்றிப் பார்த்திருக்கிறார்கள். மனிதருக்கு அது இன்னும் மருந்தாக வரவில்லை. வரும்வரை, இருபது வயது குறைப்பேன் என்று தூள் விற்கிறவன் திருடன். அல்பேட் அனுப்பிய பொட்டலத்தை எமிலியா பூச்சாடிக்குப் போட்டார். செடி செத்துப்போனது. அதற்கும் வயது என்று யாரோ சொன்னார்கள்.

ஆனால் எந்த மாத்திரையும் அரிசி மூட்டையை மேலே கொண்டுவந்து வைக்காது. முதல் சனிக்கிழமை எமிலியா துணிக்கூடையைக் கதவடியில் வைத்துவிட்டுச் சோபாவில் இருந்தார். அந்தோனிமுத்து கூடையைப் பார்த்தார். எமிலியாவைப் பார்த்தார். சோபாவில் தன் இடம் போய்விட்டதைப் பார்த்தார். கடைசியில் கூடையைத் தூக்கினார்.

இறங்கும்போது ஒன்றும் தெரியவில்லை. ஈரத்துணியோடு ஏறும்போது முதல் திருப்பத்தில் நின்றுவிட்டார். ஐந்து வருடம் அசையாத கால்கள் நடுங்கின. மூச்சு மேலும் கீழும் இரைத்தது. நிமிர்ந்து பார்த்தால் மேலே எமிலியா கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார்.

“எமிலி, எனக்கு மூச்சு வாங்குதப்பா.”

“ஓம். நிண்டு ஆறுதலா வாங்கோ. நான் கதைச்சது இதைத்தான்.”

அவருக்கு வந்தது நோயல்ல, சோம்பலின் கூலி என்பது இருவருக்கும் தெரியும். இருந்தாலும் அந்தத் திருப்பத்தில் நின்ற நேரத்தில் அந்தோனிமுத்துவுக்கு ஏதோ விளங்கியிருக்கவேண்டும். அதற்குப் பிறகு கூடையைப் பற்றி அவர் முறைப்பாடு சொல்லவில்லை. டயர்களைப் பற்றி இன்னமும் சொல்லுகிறார்.

இந்த வருடம் உயிர்ப்புத் திருநாளுக்கு முந்திய ஒத்திகையில் எமிலியா, விக்ரோரியாவுக்குப் பக்கத்தில் போய் நின்றார். கால் வீக்கம் வற்றியிருந்தது. படியை ஒரே ஒரு தடவை நின்று ஏறினார். ஆனால் அந்த வரியை ஒரே மூச்சில் பாட இப்போதும் முடியாது. முடியும் என்று அவரிடம் யாரும் பொய் சொல்லவும் இல்லை. பாதியை நான் பாடுகிறேன், மூச்செடுக்கும் இடத்தில் நீ எடு, முடிவில் இரண்டு பேரும் சேருவோம் என்றார் எமிலியா. வயது போய்விட்டது என்று சொன்ன விக்ரோரியா பாட்டுத்தாளில் அந்த இடத்தைப் பென்சிலால் குறித்தார். குறித்துவிட்டு, தனக்கும் இப்போது படியேறினால் இளைக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். யாரிடம் சொன்னாய் என்று எமிலியா கேட்டார். ஒருவரிடமும் இல்லை என்றார் விக்ரோரியா. ஒத்திகை முடியமுன்பே எமிலியா அவருடைய கைத்தொலைபேசியை வாங்கி, அவருடைய மருத்துவரிடம், அவருடைய பெயரில் ஒரு நேரம் பதிந்துவிட்டார். திருநாளன்று அந்த வரி நடுவில் ஒரு குரலிலிருந்து இன்னொரு குரலுக்கு மாறியது. அந்தோனிமுத்து உட்பட எல்லோரும் வாய் பொத்திக் கேட்டார்கள்.

உங்கள் வீட்டிலும் மற்ற எல்லோருடைய வருத்தத்தையும் மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சொல்லிக்கொண்டிருக்கிற ஒரு பெண் இருப்பார். தாயோ, மனைவியோ, அக்காவோ, யாரென்று இந்நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்த வாரம் அவருடைய பெயரில், அவருக்கு மட்டும் ஒரு நேரம் பதியுங்கள். மொழி போதாதென்றால் வெளியாள் ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்குங்கள். வாசல்வரை கூட்டிக்கொண்டு போங்கள். வயது என்று சொல்லி அனுப்பினால் திரும்பவும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் உள்ளே போனதும் கதவைச் சாத்திவிட்டு, நீங்கள் வெளியே இருங்கள்.